ஒரு காதுக்கு எவ்வளவு ஆகும்?

பெரியவர் ஒருவரின் காது மேல்நுனியிலிருந்து கீழ்மடல் வரை ஏறக்குறைய 62 மில்லிமீட்டர். அதே அளவில் ஒரு காதைப் பீங்கான் மண்ணில் பிடித்துச் சுட்டு எடுத்தால் கைக்கு வருவது 53 மி.மீ. காதுதான். காயும்போது கொஞ்சம், சூளையில் வேகும்போது மீதி என்று மொத்தம் 12 முதல் 15 சதவீதம் வரை பீங்கான் சுருங்கும். 14 சதவீதம் என்று வைத்தால் 8.7 மி.மீ. போய்விடுகிறது. சுட்டபின் 62 நிற்க வேண்டுமானால் பச்சை மண்ணில் 72 மி.மீ. காதாகப் பிடித்திருக்க வேண்டும். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை வார்ப்பவர்களுக்கும் பொம்மை வார்ப்பவர்களுக்கும் இது அன்றாடக் கணக்கு.

காதையோ மூக்கையோ கண்ணையோ இழந்தவருக்கு அந்த உறுப்பைச் செயற்கையாகச் செய்து கொடுக்கும் வேலைக்கும் இதே கணக்குதான் அடிப்படை. ஆகவே இந்த வேலையை வடிவமைப்பு வரலாற்றோடு சேர்த்து ஒரு கலைக் கல்லூரியில் கற்பிக்க வேண்டும் என்பதும், தமிழ்நாட்டில் அதற்குப் பொருத்தமான ஊர் விருத்தாசலம் என்பதும் என் கருத்து. நெய்வேலிச் சுரங்கத்தின் வெள்ளைக் களிமண் பக்கத்திலேயே கிடைத்ததால் வளர்ந்த தொழில் இங்கே இருக்கிறது. செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு நடத்தும் பட்டயக் கல்லூரி இருக்கிறது. சுமார் 45 கிலோமீட்டரில், சிதம்பரம் அண்ணாமலை நகரில், முக உறுப்பு பொருத்துவதை மேற்பார்வையிடக்கூடிய பல் மருத்துவர்கள் இருக்கும், 1980-இல் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூன்றையும் இணைத்தால் என்ன செலவு, என்ன மிச்சம் என்று எழுதிப் பார்க்கலாம்.

தேவையிலிருந்து தொடங்குவோம். உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி 2020-இல் இந்தியாவில் உதடு, வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் 1,35,929 பேர். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையோடு வந்த கருப்புப் பூஞ்சை நோயில், அந்த ஆண்டு ஜூலை மாதத்துக்குள் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட எண்ணிக்கை 45,374, இறந்தவர்கள் 4,332. இவர்கள் எல்லாருமே முகத்தில் ஓர் உறுப்பை இழந்தவர்கள் இல்லை. ஆனால் வாய்ப் புற்றில் மேல்தாடையையும், கருப்புப் பூஞ்சையில் கண்ணையும் அண்ணத்தையும் உயிரைக் காப்பதற்காக எடுத்துவிடுவது மருத்துவர்கள் பலமுறை செய்ய வேண்டியிருக்கும் சிகிச்சை. ஒரு பேச்சுக்கு, வாய்ப் புற்றில் 100-க்கு ஒருவர்தான் வெளியே தெரியும்படி முகத்தின் ஒரு பகுதியை இழக்கிறார் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 1,359 முகங்கள். பிறவியிலேயே காது வளராத குழந்தைகள், அமில வீச்சுக்கு ஆளான பெண்கள், தீக்காயம் பட்டவர்கள், சாலை விபத்தில் சிக்கியவர்கள் எல்லாம் இதற்கு மேல்.

அமில வீச்சுக்கு ஆளானவர்களுக்கு மாநில அரசுகள் குறைந்தது 3 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த 3 லட்சத்தைச் செயற்கை உறுப்பின் ஆயுளோடு வைத்துப் பார்க்க வேண்டும். சிலிகானில் செய்த காதோ மூக்கோ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுதான் தாங்கும். வெயிலில் நிறம் வெளிறும், ஓரம் கிழியும், வியர்வையும் பசையும் சேர்ந்து ரப்பரைக் கெடுக்கும். 20 வயதில் உறுப்பை இழந்த ஒருவர் 70 வயது வரை வாழ்ந்தால் 50 ஆண்டில் 25 உறுப்புகள் வேண்டும். 3 லட்சத்தை மருந்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் வழக்குச் செலவுக்கும் தொடாமல் அப்படியே வைத்திருந்தாலும் ஒன்றுக்குக் கிடைப்பது 12,000 ரூபாய். ஒரே ஒருமுறை செய்து கொடுத்துவிட்டுக் கணக்கை மூடுகிற திட்டம் எதுவும் இந்த 25 என்ற எண்ணின் முன்னால் நிற்காது.

பொருளின் விலையை மட்டும் பார்த்தால் செலவின் பெரிய பகுதி கண்ணில் படாமல் போய்விடும். ஓர் உறுப்பு செய்ய நோயாளி ஐந்து முறையாவது வர வேண்டும்: அச்செடுக்க ஒருமுறை, மெழுகில் பிடித்ததை முகத்தில் வைத்துப் பார்க்க ஒருமுறை, நிறம் கூட்ட ஒருமுறை, பொருத்த ஒருமுறை, பிறகு சரிபார்க்க ஒருமுறை. விருத்தாசலத்திலிருந்து சென்னைக்கு சுமார் 220 கிலோமீட்டர். ஐந்து முறை போய்வந்தால் 2,200 கிலோமீட்டர். 25 உறுப்புக்கும் அப்படியே போனால் 55,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே 40,075 கிலோமீட்டர்தான். சிதம்பரத்தில் நடந்தால் ஓர் உறுப்புக்கு 450 கிலோமீட்டர், 25-க்கும் சேர்த்து 11,250.

கூலியைச் சேர்ப்போம். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். நோயாளியோடு துணைக்கு ஒருவர் வருவார். ஒரு நாளைக்கு 672 ரூபாய் போகிறது. 25 உறுப்பு, ஐந்து ஐந்து நாளாக 125 நாள் என்றால் 84,000 ரூபாய். பஸ் கட்டணம், சாப்பாடு, பசை எதுவும் இதில் இல்லை.

இந்த 84,000-ஐப் பாதியாகக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. அச்சைப் பத்திரமாக வைத்திருப்பது. உறுப்பை வார்த்த அச்சு கையில் இருந்தால் அடுத்த முறை நோயாளி நிறம் கூட்டவும் பொருத்திக்கொள்ளவும் இரண்டு நாள் வந்தால் போதும். வயது ஏற முகம் மாறும் என்பதால் பத்தாண்டுக்கு ஒருமுறை புதிதாக அச்செடுப்போம். அப்படியானால் 5 முறை முழு வேலை, 25 நாள். மீதி 20 முறை இரண்டிரண்டு நாள், 40 நாள். மொத்தம் 65 நாள், 43,680 ரூபாய். ஒரு மனிதரின் வாழ்நாளில் 40,320 ரூபாய்க் கூலி மிச்சம். இத்தனையையும் மிச்சப்படுத்துவது, எண் எழுதிய அச்சுகளை அடுக்கிவைத்த ஒரு மர அலமாரி. அச்சை அடுக்கவும், எண்ணிடவும், தேய்ந்ததை அறிந்து மாற்றவும் தெரிந்தவர்கள் விருத்தாசலத்தில் தலைமுறையாக இருக்கிறார்கள். வார்ப்பு வேலையில் ஒரு பிளாஸ்டர் அச்சு நூறு வார்ப்பு அளவுக்குத் தாங்கும். எந்த அச்சு எத்தனையாவது வார்ப்பில் முனை மழுங்கத் தொடங்குகிறது என்பது பட்டறைக்காரர் தொட்டுப் பார்த்தே சொல்லும் விஷயம். மருத்துவக் கல்லூரியில் இந்தப் பழக்கத்தைப் புதிதாக உண்டாக்குவது கடினம். இங்கே அது ஏற்கெனவே இருக்கிறது.

அதே பிளாஸ்டர், வேறு தண்ணீர்

அச்சின் கணக்கு இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஜிப்சத்தை வறுத்து அரைத்ததுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். 100 கிராம் பிளாஸ்டர் இறுகிக் கல்லாக, வேதியியல் கணக்குப்படி 18.6 கிராம் தண்ணீர் போதும். ஆனால் அவ்வளவு தண்ணீரில் அது குழையாது. பீங்கான் வார்க்கும் அச்சுக்கு 100 கிராமுக்குச் சுமார் 70 கிராம் தண்ணீர் ஊற்றுகிறோம். 18.6 போக 51.4 கிராம் தண்ணீருக்கு வேலை இல்லை. அச்சு உலரும்போது அது ஆவியாகி, இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுச் செல்கிறது. வார்ப்புக் குழம்பை ஊற்றியதும் அதிலுள்ள தண்ணீரை இந்தத் துளைகள்தான் உறிஞ்சுகின்றன. அச்சின் சுவரில் களிமண் ஒட்டி ஓடாக நிற்கிறது. பொம்மையின் உள்ளே கூடு விழுவது இப்படித்தான்.

பல் மருத்துவத்தில் வேண்டியது இதற்கு நேர் எதிர். சிலிகானுக்கு உறிஞ்சும் அச்சு தேவையில்லை. முகத்தின் ரேகையும் மயிர்க்கால் குழியும் மாறாமல் பதிகிற, கெட்டியான, வழவழப்பான அச்சு வேண்டும். ஆகவே அவர்கள் டென்டல் ஸ்டோன் என்ற கெட்டி வகையை எடுத்து 100 கிராமுக்கு 28 முதல் 30 மில்லி தண்ணீர்தான் ஊற்றுகிறார்கள். அதிலும் கெட்டியான வகைக்கு 22 முதல் 24 மில்லி. ஒரே ஜிப்சத்தில் பிறந்த பொடிதான் எல்லாம். மணியின் உருவமும் தண்ணீரின் அளவும் மாறினால் ஒன்று உறிஞ்சும், மற்றொன்று தாங்கும். விருத்தாசலத்து மாணவருக்கு இதை ஒரு பிற்பகலில் கற்றுக்கொடுத்துவிடலாம். தராசில் 70-க்குப் பதில் 30 நிறுக்கச் சொன்னால் போதும். ஏன் என்பது அவருக்கே விளங்கும்.

இப்போது 62 மி.மீ. காதை மறுபடி ஒவ்வொரு பொருளிலும் அளந்து பார்க்கலாம். ஸ்டோன் இறுகும்போது 0.15 சதவீதம் விரிந்தால் 0.09 மி.மீ. கூடும். பல்செட் செய்யும் அக்ரிலிக் 0.3 சதவீதம் சுருங்கினால் 0.19 மி.மீ. குறையும். பிளாட்டினம் வகைச் சிலிகான் 0.1 சதவீதத்துக்குள் சுருங்கும், 0.06 மி.மீ. பீங்கானில் போனது 8.7 மி.மீ. முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டிய ஓரத்தில் அரை மி.மீ. இடைவெளி விழுந்தாலே எதிரில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆகவே பீங்கான் காது நமக்கு வேண்டாம். பீங்கான் ஊரின் கைத்திறன்தான் வேண்டும்.

சூடும் அப்படித்தான். மின்காப்புப் பீங்கானுக்கு 1,250 டிகிரிக்கு மேல் சூளை எரிய வேண்டும். சிலிகான் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் இருந்தால் இறுகிவிடும். அக்ரிலிக்குக்கு 74 டிகிரி வெந்நீரில் இரண்டு மணி நேரம், பிறகு கொதிநீரில் ஒரு மணி நேரம். எரிபொருள் செலவு என்று தனியாக எழுத ஒன்றுமில்லை.

மண்ணின் பங்கு முற்றிலும் போய்விடவில்லை. செராமிக் மாணவர் முதல் ஆண்டில் படிக்கும் பீங்கான் கலவை 50 பங்கு வெள்ளைக் களிமண், 25 பங்கு குவார்ட்ஸ், 25 பங்கு ஃபெல்ட்ஸ்பார். செயற்கைப் பல்லுக்கான பீங்கானிலும் இதே மூன்றுதான். அளவு மட்டும் தலைகீழ். ஃபெல்ட்ஸ்பார் 75 முதல் 85, குவார்ட்ஸ் 12 முதல் 22, களிமண் 4-க்கு மேல் போகாது. களிமண் குறையக் குறைய ஒளி ஊடுருவும். பல் பல்லாகத் தெரியும். சிலிகானிலும் மணல்தான் அடிப்படை. அதன் மூலக்கூறு எடையில் ஏறக்குறைய 38 சதவீதம் சிலிக்கான். 100 கிராம் சிலிகானில் இருக்கும் சிலிக்கான், 81 கிராம் குவார்ட்ஸில் இருப்பதற்குச் சமம். நிறமேற்றும் இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் ஆக்சைடும் மெருகு பூசுகிறவர்கள் அறிந்த பொடிகள்தான். முகத்துக்கு மருத்துவத் தரத்தில் வாங்க வேண்டும் என்பதே வேறுபாடு.

வரலாற்றுக்கு 90 மணி நேரம்

கைவேலைப் படிப்பில் வரலாற்றுக்கு எதற்கு இடம் என்று கேட்பவர்கள் உண்டு. வடிவமைப்பு வரலாற்றை நாற்காலியிலிருந்தும் தேநீர்க் கோப்பையிலிருந்தும் தொடங்குவதே வழக்கம். விருத்தாசலத்தில் அதை உடம்பிலிருந்து தொடங்கலாம். குயவர்களும் சூளைக்காரர்களும் அந்தக் கதை நெடுக வருகிறார்கள்.

1792 மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய காவாஸ்ஜி என்பவர் திப்புவின் படையிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டுக்கு மேல் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனே அருகே செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை எடுத்து மூக்கு அமைத்தார். 1794 அக்டோபரில் லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் இது படத்தோடு வந்தது. முதலில் மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கிருந்த இடத்தில் வைத்து நல்ல மூக்காக வடித்து, பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து ஓரம் வரைந்து, அந்த அளவுக்குத் தோலை அறுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. முப்பரிமாண உருவத்தைத் தட்டை வரைபடமாக விரிப்பது ஒரு வடிவமைப்பாளரின் வேலை. இதைப் படித்துப் பயின்று லண்டனில் ஜோசப் கார்ப்யூ அதே சிகிச்சையைச் செய்ய 20 ஆண்டு ஆனது. 1814-இல் செய்து, 1816-இல் புத்தகமாக வெளியிட்டார். நம் பாடத்திட்டத்தின் முதல் பாடமாக இதைத்தான் வைப்பேன்.

இரண்டாவது, இங்கிலாந்தின் குயவர் ஜோசயா வெட்ஜ்வுட். வடிவமைப்பு வரலாற்றுப் புத்தகம் எதிலும் அவர் இருப்பார். ரஷ்ய அரசி கேத்தரினுக்கு 1774-இல் 952 உருப்படிகள் கொண்ட உணவுப் பாத்திரத் தொகுதியைச் செய்து கொடுத்தவர். சிறுவயதில் வந்த அம்மையால் கெட்டுப்போன வலக்காலை 1768-இல் அறுத்தெடுக்க வேண்டி வந்தது. மீதி 27 ஆண்டும் மரக்காலில் நடந்தார். 1782-இல் சூளையின் வெப்பத்தை அளக்க அவர் கண்டுபிடித்த கருவி, சிறு களிமண் துண்டுகள் எவ்வளவு சுருங்குகின்றன என்பதை வைத்தே வெப்பத்தைச் சொன்னது. சுருக்கத்தைக் குறையாகப் பார்க்காமல் அளவுகோலாக்கினார்.

சுருக்கத்தோடு போராடியவர் பாரிஸ் மருந்துக்கடைக்காரர் அலெக்ஸிஸ் துஷாத்தோ. தந்தத்தில் செய்த பல்செட் நாற்றமடித்ததால் 1774-இல் பீங்கான் ஆலை ஒன்றில் பல்செட் சுட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் சுருங்கி வாய்க்குப் பொருந்தாமல் போனது. கலவையை மாற்றி, குறைந்த வெப்பத்தில் வேகும்படி செய்த பிறகே பொருந்தியது. அவரோடு சேர்ந்திருந்த பல் மருத்துவர் துபுவா தெ ஷெமாந்த் 1789-இல் உரிமம் பெற்று, பிறகு லண்டனுக்குப் போய் வெட்ஜ்வுட் ஆலையிலிருந்து பீங்கான் மாவு வாங்கிப் பல்செட் செய்தார். 1804 வாக்கில் தான் செய்தவை 12,000 என்பது அவரே சொன்ன கணக்கு.

பொம்மை ஊருக்கு நெருங்கிய உதாரணம் ஜெர்மனியின் லவுஷா. கண்ணாடி ஊதும் மலைக் கிராமம் அது. அங்கே பொம்மைக் கண் செய்துகொண்டிருந்த லுட்விக் முல்லர்-ஊரி 1835-இல் மனிதர்களுக்குக் கண்ணாடிக் கண் செய்யத் தொடங்கினார். 1868-இல் கண்ணின் வெண்மைக்கு ஏற்ற கிரையோலைட் கண்ணாடி வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் கண்கள் வருவது நின்றபோது, அமெரிக்காவில் பல்செட் செய்யும் அக்ரிலிக்கிலேயே கண் செய்துகொண்டார்கள். பொம்மைக்குக் கண் திறக்கும் கை மனிதருக்குக் கண் செய்யும் கையாவதற்கு நடுவே பெரிய தூரமில்லை என்பதை நம் தொழிற்பேட்டைக்காரர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

முதல் உலகப் போரில் சிற்பிகளே மருத்துவமனைக்குள் வந்தார்கள். வயது 44 ஆகிவிட்டதால் போர்முனைக்குப் போக முடியாத சிற்பி பிரான்சிஸ் டெர்வென்ட் வுட், லண்டன் வாண்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் முகமூடிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். போருக்குப் பின் ராயல் கலைக் கல்லூரியில் சிற்பப் பேராசிரியரானார். அவரைப் பார்த்து அமெரிக்கச் சிற்பி அன்னா கோல்மன் லாட் 1917 இறுதியில் பாரிஸில் பட்டறை அமைத்தார். முகமூடி அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு, அதாவது 0.8 மி.மீ. தடிமனுள்ள செம்பு, எடை 113 முதல் 255 கிராம். ஒன்றுக்கு ஒரு மாத வேலை. 1919 முடிவதற்குள் சுமார் 185 செய்தார்கள். பிரான்சில் முகம் சிதைந்த வீரர்கள் 20,000 பேர் என்று வைத்தால் 100-க்கு ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை. இந்த 185-ஐ மாணவர்கள் மறக்கக் கூடாது. திறமை குறைவால் வந்த எண் அல்ல அது. கை போதாததால் வந்தது. கற்றுக்கொடுக்க ஒரு பள்ளி இருந்திருந்தால் எண் மாறியிருக்கும்.

பள்ளி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாக்ஸ் பிரோடல் என்ற ஓவியரை வைத்து 1911-இல் அங்கே தொடங்கிய மருத்துவ ஓவியத் துறைதான் இன்று முக உறுப்பு செய்வதையும் இரண்டாண்டு முதுகலைப் படிப்பாகக் கற்பிக்கிறது.

சென்னையிலும் தொடக்கம் அப்படித்தான் இருந்தது. 1850-இல் போபாம்ஸ் பிராட்வேயில் தன் சொந்தப் பணத்தில் கலைப்பள்ளி தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் ஓர் அறுவை மருத்துவர். அடுத்த ஆண்டு தொழிற்கலைப் பள்ளியையும் சேர்த்து, மாகாணத்து மண்வகைகளைச் சோதித்து, செங்கல், ஓடு, மட்பாண்டம் செய்யப் பயிற்சி கொடுத்தார். இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சி. சிற்பத்துக்கும் செராமிக் வடிவமைப்புக்கும் அங்கே தனித்தனித் துறை உண்டு. முகத்தை உருவாக்கத் தெரிந்த சிற்பியும், மண்ணை அறிந்த செராமிக்காரரும், மருத்துவர் நிறுவிய வளாகத்திலேயே 170 ஆண்டுக்கு மேலாக இருந்தும் அவர்களை மருத்துவமனைக்கு அனுப்பும் பாடம் உருவாகவில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

என் கணக்கில் படிப்பு இரண்டு பருவம். பருவத்துக்கு 15 வாரம், வாரத்துக்கு 15 மணி நேரம், மொத்தம் 450. இதில் வடிவமைப்பு வரலாறு 90, பட்டறை 240, மருத்துவமனை 120. மாணவர்கள் 12 பேர். ஆளுக்கு இரண்டு நோயாளி என்றால் ஆண்டுக்கு 24 உறுப்புகள். பத்தாண்டில் 240 அச்சுகள். அச்சுக்கு ஒரு கிலோ என்று தாராளமாக வைத்தாலும் 240 கிலோ; ஓர் அறையின் ஒரு சுவர் போதும். யாருக்கு எந்த உறுப்பு, அதை நிறுத்துவது பசையாலா காந்தத்தாலா, தோல் தாங்குமா என்று முடிவெடுப்பதும் கையெழுத்திடுவதும் மூன்றாண்டு முதுகலை முடித்த பல் மருத்துவர். உருவமும் நிறமும் மாணவர் பொறுப்பு. மறுபக்கக் காதை ஸ்கேன் செய்து கணினியில் திருப்பி அச்சிடும் வசதி வந்துவிட்டது. உருவத்துக்கு ஆகும் நேரத்தை அது குறைக்கும், அதை வரவேற்கிறேன். ஓரத்தை மெல்லியதாக இழைப்பதும் நிறம் கூட்டுவதும் இன்னும் கையிடமே இருக்கின்றன.

நிறத்தில்தான் அதிக வேலை. கடையில் கிடைக்கும் அயல்நாட்டு நிறத் தொகுதிகள் பெரும்பாலும் வெளிர்த் தோலை மனத்தில் வைத்துச் செய்தவை. கடலூர் மாவட்டத்தில் வெயிலில் நாற்று நட்டவரின் கன்னமும், சூளையருகே நின்றவரின் கன்னமும், கடைக்குள் உட்கார்ந்திருந்தவரின் கன்னமும் மூன்று நிறம். ஒரே ஆளின் காதுமடலும் காதின் பின்புறமும் இரண்டு நிறம். லாடின் பட்டறையில் முகமூடியை அணிவித்தபடியே வண்ணம் பூசினார்கள். வெயில் நாளுக்கும் மப்பு நாளுக்கும் இடைப்பட்ட நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் மாணவர்களும் அப்படியே பழக வேண்டும். ஆளுக்கு 30 நிறச் சில்லு, 12 பேருக்கு 360. சில்லுக்கு 3 கிராம் என்றால் 1,080 கிராம் சிலிகான். ஒவ்வொன்றின் பின்னும் எந்தப் பொடி எத்தனை மில்லிகிராம் என்று எழுதி ஒட்ட வேண்டும். தோல் நிறத்துக்குக் கன்னத்தைக் காட்ட ஊர்க்காரர்கள் வருவார்கள். இதற்கு மருத்துவமனை ஒப்பந்தமோ பல்கலைக்கழக அனுமதியோ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த 1,080 கிராம் சிலிகானும் துல்லியமான ஒரு தராசும் வாங்கினால், செராமிக் கல்லூரிப் பட்டறையில் அடுத்த மாதமே தொடங்கலாம்.